சங்குச் சத்தத்துக்கு எழுந்தவர்கள்

போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் ஹாரன் ஊதினால் எங்கள் சித்தப்பா எழுந்து நின்றுவிடுவார். மடியில் சோற்றுத் தட்டு இருந்தாலும் சரி, பாதி முகத்தில் சவர நுரை இருந்தாலும் சரி, அந்த நீண்ட சத்தம் டெலானிபூர் மேட்டில் ஏறி எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலை எட்டியதும் அவர் உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். சுற்றுமுற்றும் பார்ப்பார். எதை எடுக்க எழுந்தோம் என்பதை மறந்தவர் போல முழிப்பார். பிறகு மெல்ல உட்கார்ந்து, கையில் தளும்பிய தேநீரை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அது அலுக்காத வேடிக்கை. சித்தி என்னைவிட மோசம். பழைய தீவுக் குடும்பத்துப் பெண் அவர். கைதிகளாகக் கொண்டுவரப்பட்டு இங்கேயே தங்கிவிட்டவர்களின் வழியில் வந்தவர். ஹிந்தி பேசி வளர்ந்து, சித்தப்பாவைக் கட்டிக்கொண்ட பிறகு எங்கள் தமிழைப் பிடித்துக்கொண்டவர். ஹாரன் ஊத ஆரம்பித்ததும் ஒரு கையை நீட்டிச் சித்தப்பாவின் டம்ளரைச் சிந்தாமல் தாங்கிக்கொண்டே, "பாத்தியா, உங்க சித்தப்பா ஜஹாஜுக்கு சலாம் போட்டாச்சு. இனிமே கேப்டன் சாப் தைரியமா கிளம்பலாம்," என்பார். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நாங்கள் அப்படியே நம்பினோம்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அதற்குச் சில மாதங்கள் முன்புதான் எனக்குத் தெரிந்தது. நான் வேலை பார்ப்பது ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களின் பயணிகள் பிரிவில். தினமும் அந்த ஹாரனைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் அது காதில் விழுந்ததாகவே நினைவிருக்காது. இப்போது ஒவ்வொரு முறையும் எழுதிக்கொண்டிருக்கும் டிக்கெட்டை வைத்துவிட்டுக் கொட்டகையைப் பார்க்கிறேன்.

எங்கள் குடும்பம் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தது. இரண்டு அரசாங்கங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது நாங்கள் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். எங்கள் தாத்தாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கப்பலேறி, ரயிலேறி, மறுபடியும் கப்பலேறி, கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா அப்போது மரத்தில் பால் வெட்டுகிற வயதுக்கு வந்திருந்தார். சித்தப்பா அவரைவிட நன்றாக இளையவர். மலைத் தோட்டத்தில் விடியலில் வேலைக்குக் கூப்பிடும் சங்குக்கு எழுந்த பழக்கம்தான் அவரை ஹாரனுக்கும் எழுப்புகிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அப்பா படிப்பை விட்டார், சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார். போர்ட் பிளேரில் பள்ளி, மெயின்லேண்டில் கல்லூரி, பிறகு டெல்லியில் ஓர் ஐரோப்பிய மொழி. எந்த மொழியைக் கொடுத்தாலும் அவர் நாக்கு வளைந்துகொடுத்தது. கடைசியில் அந்த ஐரோப்பியர்கள் ஆண்டுகொண்டிருந்த, கடல்களுக்கு அப்பால் உள்ள ஒரு சின்ன நாட்டில், நம் அரசாங்கத்தின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் போய் உட்கார்ந்தார். போன இடத்தில் சந்தைக்காரர்களோடு பேசிப் பேசி அந்த மண்ணின் மொழியையும் கற்றுக்கொண்டார். நாட்டின் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நானும் சொல்லவில்லை.

அங்கே விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் ஆட்சியாளர்களின் பட்டாளம், மலை முகட்டில் போராளிகள். இரண்டு பக்கமும் பிள்ளைகளை வாரிக் கொடுத்துக் களைத்திருந்த நேரத்தில், இந்தச் சண்டையில் ஒட்டும் உறவும் இல்லாத ஒரு குளிர்நாட்டிலிருந்து ஒரு தூதர் சமாதானம் பேச வந்தார். அவருக்கு இரண்டு தரப்பின் மொழியும் தெரிந்த, ஆனால் இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத ஓர் ஆள் வேண்டியிருந்தது. சித்தப்பாவை இரவல் வாங்கிக்கொண்டார்கள். இதுவரை உள்ளதும், இனி வரும் முதல் பாதியும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். தீபாவளிக்கு வருகிற விருந்தாளிகள் வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். கதை சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பேச்சுவார்த்தை நடந்தது ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில். மேலே போராளிகள், கீழே பட்டாளம், நடுவில் அந்தத் தோட்டம். பங்களாவின் கிழக்கறையில் போராளிகள் தரப்பு, மேற்கறையில் ஆட்சியாளர்கள் தரப்பு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். ஒரே வாசலில் நுழையவும் மாட்டார்கள். சமையல்கட்டுப் பின்வாசல் ஒன்று இருந்தது. அதன் வழியாக வர இரண்டு பேருக்குமே மானக்கேடு. கடைசியில் பக்கச் சுவரை இடித்து, முன்வாசலின் அதே உயரத்தில் அதே அகலத்தில் இன்னொரு வாசல் வைத்தார்களாம். அதற்குப் படிக்கட்டு எத்தனை என்பதில் ஒரு சண்டை. இரண்டு அறைகளுக்கும் நடுவில் சித்தப்பா வாக்கியங்களைச் சுமந்துகொண்டு நாள் முழுக்க நடந்தார். "வசவையெல்லாம் வாசல்லயே துப்பிட்டு மிச்சத்த மட்டும் உள்ள கொண்டு போவேன். சில நாளு மிச்சமே இருக்காது," என்பார். சித்தி இதைக் கேட்டு, "அரே, வீட்லயும் அப்படியே பண்ணுங்க நா. உங்க அண்ணி சொல்றத அப்படியே வந்து எங்கிட்ட சொல்றீங்க," என்று அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எல்லாம் கூடி வந்த பிறகு விஷயம் கடிகாரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. போராளிகள் ஆட்சியாளர்களின் நேரத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஆள்பவர்கள் வைத்த மணியை மறுத்து, மலையில் தங்களுக்கென்று வேறு நேரம் வைத்திருந்தார்கள். முகட்டில் ஒரு மணி என்றால் பள்ளத்தில் வேறு மணி. இன்ன மணிக்குப் போர் நிறுத்தம் என்று எழுதினால், யாருடைய மணி? அவர்கள் நேரத்தை ஏற்றால் அவர்கள் ஆட்சியை ஏற்றதாகிவிடும் என்றது கிழக்கறை. காட்டில் திரிகிறவர்களின் கடிகாரத்தைப் பார்த்து ஒரு ராஜ்ஜியத்தின் பட்டாளம் துப்பாக்கியைக் கீழே வைக்காது என்றது மேற்கறை. வாரக்கணக்கில் இழுத்தது. கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். சித்தப்பாவின் முகம் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் இறுகும். கடிகாரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் மலையில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அவர் சொல்லித்தான் நான் யோசித்தேன்.

அப்போதுதான் சித்தப்பா ஒரு வழி சொன்னார். தோட்டத்து ஃபேக்டரியில் ஒரு சங்கு இருந்தது. முன்பு தினமும் விடியலில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட ஊதுவார்கள். சண்டை இறுகியதிலிருந்து ஊதாமல் கிடந்தது. அது ஊதினால் முகட்டுக்கும் கேட்கும், பள்ளத்துக்கும் கேட்கும். கடிகாரமே வேண்டாம். வெளிச்சம் வந்ததும் சங்கு ஊதட்டும். அதைக் கேட்ட கணத்திலிருந்து யாரும் சுடக்கூடாது. இதைக் கிழக்கறையில் சொன்னார், சரி என்றார்கள். மேற்கறையில் சொன்னார், சரி என்றார்கள். அத்தனை மாதங்களில் இரண்டு அறையும் ஒரே நாளில் தலையாட்டியது அதற்கு மட்டும்தான். தூதர் நெடிய மனிதர், சித்தப்பாவோ குள்ளம். அவர் கட்டிப்பிடித்ததில் சித்தப்பாவின் மூக்கு அவருடைய கோட்டுப் பொத்தானில் நசுங்கியதாம். "அப்பறம் என்ன, ஊதுனாங்க, சண்ட நின்னுபோச்சு," என்று கதையை முடித்துக்கொண்டு சித்தப்பா எழுந்து கை கழுவப் போய்விடுவார். நாங்கள் கைதட்டுவோம்.

அந்தப் போர்நிறுத்தம் உடையவே இல்லை. அதன் மேல்தான் அந்த நாட்டின் விடுதலை எழுந்தது. அப்படி ஒரு காரியத்தில் கை வைத்தவர் மேலே மேலே போயிருக்க வேண்டும். ஆனால் அடுத்த சில மாதங்களில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுத் தீவுக்குத் திரும்பி வந்துவிட்டார். கேட்டவர்களிடம் காது சரியில்லை என்றார். ஒரு மொழிபெயர்ப்பாளருக்குக் காது போனால் என்ன மிஞ்சும் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உள்ளூரில் ஆங்கிலக் கோப்புகளை ஹிந்தியில் எழுதித் தரும் வேலை ஒன்று கிடைத்தது. கல்யாணம் ஆகி சித்தி வந்த பிறகும் சில வருடங்கள் எங்களோடு, அப்பா கச்சாலிலிருந்து வேலை மாறி வந்திருந்த டெலானிபூர் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார்கள். பிறகு திடீரென்று லம்பா லைனில், விமான நிலையத்துச் சாலையை ஒட்டி ஒரு வீடு பார்த்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, தலைக்கு மேல பிளேன் போற எடத்துல எவனாச்சும் குடி போவானா? அதுவும் காது சரியில்லாதவன்!" என்று கத்தினார். சித்தப்பா பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "பிளேனு பழகிரும்ணே. இந்த ஹாரன்தான் பழக மாட்டேங்குது." அவர் காதில் ஏதோ விசித்திரமான நோய் என்று நாங்கள் முடிவுகட்டிக்கொண்டோம்.

காலம் போயிற்று. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அதே டெலானிபூர் மேட்டில் எனக்கும் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லம்பா லைனுக்குப் போவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நாட்டின் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். போர்நிறுத்தத்தின் ஆண்டு விழாவைப் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். சமாதானம் பேசியவர்களில் உயிரோடு இருப்பது சித்தப்பா மட்டுமே. தூதர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். விமானச் செலவு அவர்களுடையது, தங்குமிடம் அவர்களுடையது, மேடையில் பதக்கம். சித்தி அன்றைக்கே பெட்டிக்குள்ளிருந்து பழைய கோட்டை எடுத்து வெயிலில் போட்டுவிட்டார். "நம்ம ஆளு ராஷ்ட்ரபதி பக்கத்துல உக்காரப் போறாரு! லம்பா லைன் பூரா சொல்லிட்டு வர்றேன்," என்று செருப்பை மாட்டினார். சித்தப்பா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "புள்ள, அந்த ஆபீசர்கிட்ட ஒன்னு கேளு. என்னைய அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? பெரட்டுக் களத்துக்கு. கூட்டிட்டுப் போறதா இருந்தா வர்றேன்," என்றார். சங்கு ஊதியதும் தோட்டத்து ஆட்கள் வந்து வரிசையாக நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொண்டு போகிற இடம்தான் பெரட்டுக் களம். வயதான காலத்தில் பழைய இடங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்து, சரி என்றேன்.

மறுநாள் மத்தியானம் அவரே ஆட்டோ பிடித்து என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். பல வருடங்களாக ஜெட்டிப் பக்கம் தலை வைத்துப் படுக்காத மனிதர். பயணிகள் கொட்டகையில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கேன்டீனிலிருந்து தேநீர் வாங்கிக் கொடுத்தேன். நிக்கோபார் பக்கம் போகும் கப்பல் நின்றுகொண்டிருந்தது. கோழிக்கூடை, அட்டைப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி என்று ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஹாரன் ஊதியது. எழுந்துவிட்டார். பழக்கதோஷத்தில் நானும் புன்னகைத்தேன். இந்தத் தடவை அவர் திரும்ப உட்காரவில்லை. நின்றபடியே, "சின்ன வயசுல தோட்டத்துல பழகினதுன்னு எல்லாரும் நெனச்சீங்க. அப்படின்னா உங்க அப்பா ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டார். நான் அதை ஒரு நாளும் யோசித்ததில்லை. அங்கே வைத்துத்தான் மறுபாதியைச் சொன்னார்.

பேச்சு கடிகாரத்தில் மாட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பிற்பகல் அவர் பங்களாவிலிருந்து இறங்கித் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு தரப்புமே தங்கள் பேச்சில் சேர்க்காத ஜனங்கள் அவர்கள். தலைமுறைகளுக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைமார் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியவர்கள். எங்கள் ஆட்கள். தமிழ் தேய்ந்து போயிருந்தாலும் சித்தப்பாவுக்குப் புரிந்தது. அவர் தமிழ் அவர்களுக்கும் புரிந்தது. வேலை நின்று மாதக்கணக்காகிறது. அரிசி வருவதில்லை. கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா, அவரை உட்காரவைத்துப் பால் இல்லாத தேத்தண்ணியும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்திருக்கிறார். கொடுத்துவிட்டு, "தம்பி, பெரிய மனுசங்ககூட இருக்கீங்க. சங்கு எப்ப ஊதும்?" என்று கேட்டிருக்கிறார்.

"சீக்கிரம் ஊதும்மா. ஊதுனா எல்லாம் சரியாப் போயிரும்னு சொல்லிட்டு வந்தேன்," என்றார் சித்தப்பா. "அந்தம்மா கேட்டதுலதான் புள்ள எனக்கு அந்த யோசனையே வந்துச்சு. அவங்க வாயிலருந்து எடுத்துட்டுப் போயி ரெண்டு ரூம்லயும் வச்சேன். எவ்வளவு தூரம் கேக்கும்னு யோசிச்சேன். யாரைக் கூப்பிடுற சங்குன்னு யோசிக்கல."

அந்த விடியலில் அவர் பங்களா வராந்தாவில் தூதருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சங்கு ஊதியது. அவர் எழுந்து நின்றுவிட்டார். லயத்தில் பிறந்து, விடியலில் அந்தச் சத்தத்துக்கு அம்மா போர்வையை உருவ, தூக்கத்தோடு எழுந்து நின்ற பையனின் உடம்பு அது. "எந்திரிச்சு நின்னப்பறந்தான் தோணுச்சு. ஐயோ, இத்தன வருசம் கழிச்சு கோட்டு போட்டுட்டு உக்காந்திருக்கிற நானே எந்திரிக்கிறேன். அவங்க எந்திரிக்காம இருப்பாங்களா?"

கீழே லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதுகில் கூடையும் தலையில் துணியுமாகப் பெண்கள் வந்தார்கள். பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றார்கள். வேலை சொல்லக் கணக்கப்பிள்ளை இல்லை, துரை இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவரவர் விட்டுப்போன தேயிலை வரிசை எது என்று அவரவருக்குத் தெரியும் என்பதால், தேயிலைக்குள் இறங்கினார்கள். அந்தத் தேயிலைக்குள் இரண்டு பக்கத்தாரும் கண்ணி வெடி புதைத்திருந்தார்கள். சண்டை நின்ற பிறகு அவற்றை எடுப்பது என்பது ஒப்பந்தத்தின் அடுத்த ஷரத்து. அதுவரை யாரும் தோட்டத்துக்குள் இறங்கக் கூடாது என்று வானொலியில் ஆள்பவர்களின் மொழியிலும் மலை ஜனங்களின் மொழியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். லயத்தில் வானொலி கிடையாது. இருந்திருந்தாலும் மூன்றாவது மொழியில் யாரும் சொல்லவில்லை. அறிவிப்பை இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுத்தது சித்தப்பாதான். அந்த மூன்றாவது மொழி அவருடைய தாய்மொழி.

சித்தப்பா படியிறங்கி ஓடப் பார்த்திருக்கிறார். தூதர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். பங்களாவிலிருந்து ஒருவன் ஓடுவதைப் பார்த்தால் முகட்டிலிருந்தோ பள்ளத்திலிருந்தோ யாராவது சுட்டுவிடுவார்கள், அத்தோடு எல்லாம் முடிந்தது என்றார். சித்தப்பா வராந்தாவிலேயே நின்று தமிழில் கத்தினார். போகாதீங்க, திரும்பிப் போங்க என்று தொண்டை கிழியக் கத்தினார். "சங்கு இன்னும் ஊதிக்கிட்டே இருந்துச்சு புள்ள. நல்லா எல்லாருக்கும் கேக்கணும்னு ரொம்ப நேரம் ஊதச் சொன்னதும் நான்தான். அந்தச் சத்தத்துல என் சத்தம் கேக்கல."

எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் கொட்டகையில் இருந்தவர்களை விரலால் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். தேநீரில் ஆடை படிந்துவிட்டது. அன்று சாயங்காலம் இரண்டு அறைகளிலும் ஓர் அறிக்கை வாசிக்கப்பட்டது: இரு தரப்பும் போர்நிறுத்தத்தை முழுமையாகக் கடைப்பிடித்தன, அசம்பாவிதம் ஏதுமில்லை. செத்தவர்கள் எந்தத் தரப்பையும் சேர்ந்தவர்கள் இல்லையே. அதையும் இரண்டு மொழியிலும் வாசித்தது சித்தப்பாதான். வாசிப்பதற்கு முன்னால் தூதரிடம் சண்டை போட்டிருக்கிறார். அவர் நல்ல மனிதர், அழுதுவிட்டாராம். இதை எழுதினால் அது உன் வெடி, இது உன் வெடி என்று இரவுக்குள் சண்டை மறுபடி தொடங்கும், இதைவிட எத்தனையோ பேர் சாவார்கள் என்றார். "அவரு சொன்னதும் நெசந்தான்," என்றார் சித்தப்பா. "அது நெசமா இல்லாம இருந்திருந்தா நான் எப்படியாச்சும் தூங்கியிருப்பேன்." அந்த அம்மா தேயிலைக்குள் போனாரா, லயத்திலேயே நின்றுவிட்டாரா என்பது அவருக்குத் தெரியாது. போய்க் கேட்கப் பயந்துகொண்டு ஊருக்கு ஓடி வந்துவிட்டார். இப்போது கேட்க வேண்டும். அந்த அம்மா இல்லாவிட்டால் அவர் மக்கள் இருப்பார்கள். பெரட்டுக் களத்தில் நின்று, சங்கு ஊதச் சொன்னது நான்தான் என்று தமிழில் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். பதக்கமெல்லாம் அவருக்கு அந்த ஒரு வாக்கியத்துக்கான கப்பல் டிக்கெட்.

அதிகாரியிடம் கேட்டேன். இரண்டொரு நாளில் பதில் சொன்னார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அங்கே ஒரு பெரிய ஹோட்டல் வந்துவிட்டது. நிகழ்ச்சியிலும் அந்த ஊர் சேரவில்லை. லயத்து ஜனங்கள் என்ன ஆனார்கள் என்றேன். விடுதலைக்குப் பிறகு அவர்கள் உரிய ஏற்பாடுகளோடு தங்கள் பூர்வீக நாட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டார்கள் என்றார். எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார், சொல்லவில்லை. உரிய ஏற்பாடு என்ற சொல்லின் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. என் தாத்தாவும் உரிய ஏற்பாட்டோடு வந்தவர்தான்.

லம்பா லைனுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். "அவங்களுக்கும் எங்கனயாச்சும் ஒரு கச்சால் கெடச்சிருக்கும்," என்றார். அவ்வளவுதான். அவர் போகவில்லை. சித்தி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அழக்கூடச் செய்தார். கடைசியில், "பஸ், போதும். ரொம்ப ஜித், ரொம்பப் புடிவாதம் இந்த மனுசனுக்கு," என்று சொல்லிக் கோட்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

விழா நாளன்று அந்த அதிகாரி என் போனுக்கு நேரலையின் இணைப்பை அனுப்பியிருந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன், போடு என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். தலைநகரின் சதுக்கம். கொடிகள், பேண்டு வாத்தியம், வயதான போராளிகள், பழைய ஆட்சியாளர்களின் பிரதிநிதி, சீருடையில் பள்ளிப் பிள்ளைகள். நடுவில் ஒரு தூண். தூணின் உச்சியில், பளபளவென்று துலக்கி, பொன் வண்ணம் பூசி வைத்திருந்தார்கள் அந்தத் தோட்டத்துச் சங்கை. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அதை ஊதுவார்களாம். நாடு முழுவதும் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று சமாதானத்துக்கு மரியாதை செலுத்துமாம். போனை அணைக்கக் கை போவதற்குள் ஊத ஆரம்பித்துவிட்டார்கள்.

சின்ன ஸ்பீக்கரில் அது மெலிந்து, கரகரத்துக் கேட்டது. ஆனாலும் அதே சத்தம்தான் என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சதுக்கத்தில் எல்லோரும் எழுந்தார்கள். ஜனாதிபதி எழுந்தார், தளபதிகள் எழுந்தார்கள், பிள்ளைகள் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். சித்தி பழக்கத்தில் கையை நீட்டி அவர் டம்ளரைத் தாங்கப் போனார். சித்தப்பா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நெற்றி வேர்த்துக் கொட்டியது. சங்கு நீண்டுகொண்டே போயிற்று, அவர் எழுந்திருக்கவில்லை. ஊதி ஓய்ந்து, சதுக்கத்தில் ஜனங்கள் உட்காரும்வரை அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கு எந்திரிக்காதவங்கதான் புள்ள பொழச்சாங்க," என்றார்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு காலை நேரத்தில் அவர் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். தனியாக இருக்க வேண்டாம் என்று சித்தியை டெலானிபூருக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஹாரன் ஊதும்போதெல்லாம் சித்தியின் கை பக்கத்து நாற்காலியை நோக்கி நீள்கிறது. பிறகு திரும்பி மடிக்கு வருகிறது. ஜஹாஜுக்கு சலாம் போடுகிற பேச்சை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

கச்சாலுக்குப் போகிற கப்பல் புறப்படும் நாளில் கொட்டகை நிறைந்துவிடும். எங்கள் தோட்டத்து ஜனங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போர்ட் பிளேர் வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். நேரம் இருக்கிறது, மெதுவாக ஏறலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும், ஹாரன் ஊதியதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒரே மூச்சில் எழுந்து வரிசையாக நிற்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கப்பல்தான் என்று எனக்குத் தெரியும், பத்திரமாகப் போய்ச் சேர்வார்கள் என்றும் தெரியும். போன வாரம் என்னை அறியாமல் எழுந்து, உட்காருங்க, யாரும் போகாதீங்க என்று கத்திவிட்டேன். ஹாரன் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.